மூன்றாவது மேசையின் வலது பக்கம்

நீங்கள் கொண்டுவந்த கடலை மிட்டாய் நன்றாக இருக்கிறது. தந்தாவிலிருந்து யார் வந்தாலும் இதைத்தான் கொண்டுவருகிறார்கள். ஆனால் பாதிப் பேர் பழசைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இது புதிது. என் மனைவி நவாலுக்கு இரண்டு துண்டு எடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் டீயைக் குடியுங்கள்.

முதல் இரண்டு பில்லியர்ட்ஸ் மேசைகளையும் உங்கள் கிளப்புக்குத் தாராளமாக எடுத்துப் போகலாம். மூன்றாவது விற்பனைக்கு இல்லை என்று போனிலேயே சொல்லியிருந்தேன். இருந்தாலும் நான் டீ வாங்கக் கீழே இறங்கிய நேரத்தில் உங்கள் ரசமட்டத்தை எடுத்து அதன்மேல் குறுக்காக வைத்திருக்கிறீர்கள். நான் உள்ளே வரும்போது குமிழி வலது பக்கம் ஓடி நின்றது. ரசமட்டத்தை முனை மாற்றித் திருப்பி வைத்தீர்கள். அப்போதும் அதே வலது பக்கம்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தீர்கள்.

"ஷவ்க்கி உஸ்தா, அலெக்சாந்திரியாவுல மேசை நிறுத்துறதுக்கு உங்கள விட்டா ஆளில்லன்னு சொன்னாங்களே" என்று மெதுவாகச் சொன்னீர்கள். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மரியாதை தெரிந்த மனிதர்.

அலட்சியம் என்று நினைத்துவிட்டீர்கள். அந்த ஒன்றைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. முப்பது வருடத் தொழிலில் நான் நிறுத்திய மேசை ஒன்றுகூடத் தவறுதலாகக் கோணியதில்லை. இது கோணலாக இருப்பது நான் அப்படி வைத்ததால்.

தொழிலில் இருப்பவர், உங்களுக்குத் தெரியும். துணிக்கு அடியில் இருக்கும் கல்லுக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவில் பழைய விளையாட்டுச் சீட்டுகளைச் செருகித்தான் நாங்கள் மேசையை மட்டம் பார்ப்போம். இங்கே ஜன்னலுக்குக் கீழேயே டிராம் ஓடுகிறது. வருடத்துக்கு இரண்டு முறையாவது அதிர்வில் ஏதாவது ஒரு மூலை இறங்கும், ஒரு சீட்டு செருகுவேன், சரியாகிவிடும். மூன்றாவது மேசையின் வலது பக்கத்தில் மட்டும், நெடுக, தேவைக்கு மேல் மும்மூன்று சீட்டுகள் இருக்கின்றன. கீழே காபிக் கடையில் ஒரு சீட்டுத் தொலைந்துபோய் ஆட்டத்துக்கு உதவாமல் போன கட்டு. நானே கேட்டு வாங்கி வந்தேன்.

மூன்று சீட்டுக் கனத்தில் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். பலமாக அடிக்கிறவனுக்கு ஒன்றும் ஆகாது. பந்தின் ஓரத்தில் அடித்து அதைப் பம்பரமாகச் சுழலவிடுகிறவனுக்கும் தெரியாது. பந்து கோணிப்போனால் அந்தச் சுழலின் மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவான். மெதுவாக, வெள்ளைப் பந்தின் நட்டநடுவில் அடிக்கிறவனுக்கு மட்டும்தான் அது தெரியும். பந்து ஓய்ந்து நிற்கப்போகும் கடைசி ஒரு சாணில், இடது பக்கமாக ஒரு விரற்கடை சாயும். இந்தக் கூடத்தில் அப்படி அடிக்கிறவன் ஒருவன்தான் இருந்தான். நவாலின் அண்ணன் லுத்பி.

அவனும் நானும் ஒரே வயது. அவன் வழியாகத்தான் நவால் எனக்கு மனைவியானாள். கீழே ஓடும் இதே டிராமை ஓட்டிக்கொண்டிருந்தான். இந்த ஜன்னலைத் தாண்டும்போது இரண்டு முறை மணி அடிப்பான். நான் எந்த வேலையில் இருந்தாலும் குச்சியை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டுவேன். பதினைந்து வருடம் இப்படி நடந்தது.

ஆட்டத்திலும் சமம்தான். இரண்டு பேரும் ஓரத்தில் அடித்துப் பந்தைச் சுழற்றி வேடிக்கை காட்டுகிறவர்கள். ஒரு நாள் அவன் ஜெயிப்பான், ஒரு நாள் நான். தோற்றவன் ஈரல் சாண்ட்விச் வாங்க வேண்டும். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு குளிர்காலப் புயலில் தண்டவாளமெல்லாம் தண்ணீர் நின்று மூன்று நாள் டிராம் ஓடவில்லை. வேலை இல்லாமல் இங்கே வந்து உட்கார்ந்தவன் திடீரென்று சொன்னான்.

"மச்சான், ஆறு மாசத்துக்கு நான் ஓரத்துல அடிக்கிறதா இல்ல. நடுக்கோடு மட்டும்தான். மேல, நடுவுல, கீழ. அவ்வளவுதான்."

"ஏன், ஓரம் உனக்கு என்ன பாவம் பண்ணிச்சு?"

"ஓரத்துல அடிச்சா பந்து ஏன் கோணிச்சுன்னு தெரியவே மாட்டேங்குது. நடுவுல அடிச்சா ரெண்டே காரணம்தான். ஒண்ணு மேசை, இல்ல நான். மேசை நீ நிறுத்துனது. அப்ப நான்தானே?"

இதை அவன் சொன்ன மாதிரியே சொல்கிறேன். பின்னால் நான் செய்தது முழுவதும் இந்தப் பேச்சிலேயே இருந்தது. அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

தினமும் வேலை முடிந்து வருவான். மற்ற பந்துகளை எடுத்து வைத்துவிட்டு வெள்ளைப் பந்தை மட்டும் இந்த மேசையில் வைப்பான். மெல்லத் தள்ளுவான். அது நேராகப் போய் எதிர் விளிம்பில் பட்டு, போன வழியிலேயே திரும்பி வந்து குச்சியின் நுனியைத் தொட வேண்டும். நூறு முறை. பிறகு ஒரு பந்தைக் குழியருகே வைத்து, வெள்ளையை நின்ற இடத்தில் நிறுத்துவான். கொஞ்சம் மேலே அடித்து முன்னால் உருட்டுவான், கொஞ்சம் கீழே அடித்துப் பின்னால் இழுப்பான். வலமும் இல்லை, இடமும் இல்லை. பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். மூன்று மாதத்தில் வெள்ளைப் பந்து அவன் சொன்ன இடத்தில் போய் உட்கார ஆரம்பித்தது. நான் தொடர்ந்து பதினேழு நாள் சாண்ட்விச் வாங்கினேன்.

பதினேழாவது நாள், வாயில் சாண்ட்விச்சோடு, கூடம் நிறைய ஆள் இருக்கும்போது சொன்னான்: "நீ ஏன் நடுவுல அடிக்க மாட்டேங்கிறன்னு எனக்குத் தெரியும் மச்சான். நடுவுல அடிச்சா தப்பு யாருதுன்னு ஊருக்கே தெரிஞ்சுபோயிடும். அதான் ஓரமா ஒளிஞ்சுக்கிற."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் மனதில் ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியும். அந்த வருடம் கெய்ரோப் போட்டிக்கு நகர அணியில் நான்கு பேர் எடுத்தார்கள். மூன்று இடம் முடிவாகிவிட்டது. நான்காவது, மே மாதத் தேர்வில், அவனுக்கா எனக்கா என்று இருந்தது. கெய்ரோவுக்குப் போய் ஆட வேண்டும் என்று எனக்கு இருபது வருட ஆசை. நியாயம் கற்பிக்கவில்லை. எது எப்படி நடந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

மறுநாள் அவன் டிராமில் இருந்த நேரத்தில் சீட்டுகளைச் செருகினேன். அரை மணி நேர வேலை. செய்து முடித்ததும் ஜன்னலுக்குக் கீழே இரண்டு முறை மணி அடித்தது. குச்சியை எடுத்து நீட்டி ஆட்டினேன்.

இரண்டு வாரம் அவன் தன்னிடமே குறை தேடினான். முழங்கையைப் பார்த்தான், நிற்கும் காலை மாற்றினான், குச்சி நுனியைச் சீவினான். பந்து இடது பக்கம் சாய்ந்தபடியே இருந்தது. முட்டாள் இல்லையே, மூன்றாவது வாரம் மேசையின் மறுமுனைக்குப் போய் அங்கிருந்து அடித்துப் பார்த்தான்.

"மச்சான், கோவிச்சுக்காத. இங்கேர்ந்து இடது பக்கம் போகுது. அங்கேர்ந்து வலது பக்கம் போற மாதிரி இருக்கு. மேசையக் கொஞ்சம் பாத்துடேன்."

"அந்த முனையில தூண் இடிக்குது. நீ முழங்கைய மடக்கிக்கிட்டு அடிச்சா பந்து எப்படி நேராப் போகும்? சரி, மனசுல சந்தேகம் வேண்டாம்" என்று சொல்லி என் ரசமட்டத்தை எடுத்து வந்து குறுக்கே வைத்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது. மூன்று இடத்தில் வைத்தேன். மூன்று இடத்திலும் நடுவில் நின்றது.

ரசமட்டத்தின் அடியில் குமிழியைச் சரிபண்ண ஒரு சின்னத் திருகாணி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதை நான் வீட்டிலேயே திருகி வைத்திருந்தேன். சமையலறைப் பளிங்குக் கல்லில் ரசமட்டத்தை வைத்து, ஒரு முனைக்கு அடியில் சிகரெட் பெட்டி அட்டையில் ஒரு துண்டைக் கொடுத்து, அந்தச் சாய்விலும் குமிழி நடுவில் நிற்கும்வரை திருகினேன். நவால் பக்கத்தில் உட்கார்ந்து முலுக்கியாக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள். "ஆமா, சரி பண்றேன்" என்றேன். இதெல்லாம் சீட்டு செருகுவதற்கு முந்தைய இரவு. வரிசை உங்களுக்குப் புரிய வேண்டும். ஏதோ ஆத்திரத்தில் கை பரபரத்துச் செய்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

ரசமட்டத்தை முனை மாற்றி வைத்திருந்தால் என் குட்டு அங்கேயே உடைந்திருக்கும். நீங்கள் திருப்பி வைத்தீர்கள். தொழில் தெரிந்தவன் எவனும் திருப்பி வைப்பான். லுத்பிக்கு அந்தத் தொழில் தெரியாது, என்னைத்தான் தெரியும். குமிழியைக் குனிந்து பார்த்தான். பிறகு என்னிடம் வந்து, என் தலையைப் பிடித்து உச்சியில் முத்தமிட்டான்.

"மன்னிச்சுக்க மச்சான். உன் கைவேலையப் போய் சந்தேகப்பட்டுட்டேன்."

"அதுக்கென்ன, விடு" என்றேன்.

அந்த முத்தம் பட்ட இடம் இன்றைக்கும் சில நாள் அரிக்கிறது. சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் அரிக்கிறது.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. மீதியை அவனே செய்துகொண்டான். பந்து இடது பக்கம் போகிறது, தப்பு தன்னுடையது, ஆகவே மயிரிழை வலது பக்கம் பார்த்து அடிக்கப் பழகினான். இந்த மேசையில் பந்து மறுபடியும் குச்சி நுனிக்கு வந்தது. முதல் மேசைக்குப் போய் அடித்தால் வலது பக்கம் போனது. இங்கே இடம், அங்கே வலம். அதைப் பார்த்துத்தான் அவன் பயந்தான். மேசை கோணலாக இருந்தால் எல்லா மேசையுமா கோணலாக இருக்கும் என்று என்னிடமே கேட்டான். மே மாதத் தேர்வில் வேறு கூடத்தில், மட்டம் சரியான மேசையில், மெதுவாக அடித்த ஒவ்வொரு பந்தையும் வலது பக்கமாகக் கோட்டைவிட்டான். நான்காவது இடம் எனக்குக் கிடைத்தது. கெய்ரோவில் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினேன்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஊருக்கு வந்த அன்றே சீட்டுகளை எடுத்துவிடுவதாகத்தான் இருந்தேன். ஆனால் இங்கே வந்து பார்த்தால் லுத்பி ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கண்ணைப் பொத்துவதும் இன்னொன்றைப் பொத்துவதுமாக இருந்தான்.

"மச்சான், வாப்பாவுக்கு எப்படி ஆரம்பிச்சுது, ஞாபகம் இருக்கா?" என்றான்.

என் மாமனார் மூளையில் கட்டி வந்து இறந்தவர். முதலில் டீக் கிளாஸை மேசைக்கு வெளியே வைத்தார். எல்லாம் இடது பக்கமாகச் சாய்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பதினான்கு மாதம். மலம் மூத்திரம் அள்ளிப்போட்டது லுத்பி. கூடவே இருந்து தூக்கிப் பிடித்தது நான். அப்படியிருந்தும், பந்து இடது பக்கம் சாய்ந்தது தற்செயல் என்று நான் ரொம்ப நாள் எனக்கே சொல்லி வந்தேன். வலது பக்கத்தில்தான் சட்டத்துக்கு அடியில் கை போக இடம் இருந்தது, அவ்வளவுதான் என்று. இடது பக்கத்திலும் கை நன்றாகப் போகும். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவன் நேர்மையானவன். பயணிகளின் உயிர் என்று சொல்லி, தானே மேலதிகாரியிடம் போய், எனக்குப் பார்வை கோணுகிறது, டிராமைத் தராதீர்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். நான் கேலி செய்து பார்த்தேன்: "டிராம் தண்டவாளத்துல ஓடுதுடா. உன் கண்ணப் பாத்தா ஓடுது?" அவன் சிரிக்கவில்லை. கிடங்கில் டிக்கெட் கட்டு எண்ணும் வேலை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஜன்னலுக்குக் கீழே இரட்டை மணி அடிக்கவில்லை. நான் அந்த நேரம் வந்தால் ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

இங்கே இரண்டு டாக்டர்கள் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கட்டியும் இல்லை, கண்ணிலும் குறையில்லை என்றார்கள். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. குறை இருக்கிறது என்று சொல்லும் ஒருவரைத் தேடினான். கெய்ரோவில் ஒருவர் கிடைத்தார். வலது கண்ணின் தசை இழுக்கிறது, சின்ன அறுவைச் சிகிச்சையில் நேராக்கிவிடலாம் என்றார். நவால் அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். "நீங்க சொன்னாக் கேப்பான். வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள். சொல்கிறேன் என்றேன். அறுவைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. நான்கு நாள் போதுமே என்று எண்ணிக்கொண்டேன்.

கடைசி நாள், அவனைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் ஆரஞ்சுப் பையோடு நின்றேன். ஒரே ஒரு வாக்கியம்தான். வாயைத் திறந்தேன்.

"தண்ணி வேணுமா மச்சான்?" என்று கேட்டேன்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி தண்ணி குடுக்க மாட்டாங்கடா, மக்கு" என்று சிரித்தான். உள்ளே போய்விட்டான்.

கண்ணில் சீழ் வைத்துவிட்டது. மூன்றாவது வாரம் அந்தக் கண்ணை எடுத்துவிட்டார்கள். நீங்கள் இன்னும் டீயைத் தொடவில்லை. பரவாயில்லை.

நான் கெட்டவன் என்று நினைப்பீர்கள். எனக்குக் குற்ற உணர்வு இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பதினோரு வருடமாக அதோடுதான் எழுந்திருக்கிறேன். அவன் கிடங்கு வேலையை விட்டதும் தினமும் இங்கே வரச் சொன்னேன். மதியம் லுஹர் தொழுகை முடிந்து வருவான். இந்த மேசையை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன். ஒற்றைக் கண்ணோடு அதே பயிற்சி, நடுக்கோடு மட்டும். இரண்டு வருடத்தில் இந்தச் சாய்வு அவனுக்கு மனப்பாடமாகிவிட்டது. நீங்கள் பார்க்க வேண்டும், வெள்ளைப் பந்தை ஒரு நாணயத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்துவான். வேறு கூடத்துக்கு யாராவது கூப்பிட்டால் போக மாட்டான். "மத்த எடத்துல எல்லாம் மேசை கோணல். ஷவ்க்கி நிறுத்துன மேசைதான் நேர்" என்பான். இப்போது சீட்டுகளை எடுத்தால் அவனுக்கு இருக்கிற ஒரே சந்தோஷமும் போய்விடும். அதனால்தான் எடுக்கவில்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். கல்லின் கனத்தில் சீட்டுகள் நாள்போக்கில் நசுங்கும். போன மாதம் துணி மாற்றும்போது கவனித்தேன், மேசை தானாகவே மட்டத்துக்கு வந்துகொண்டிருந்தது. லுத்பியும் ஒரு வாரமாக வலது பக்கம் தவறவிட்டு முகம் வாடியிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. பழைய சீட்டுகளை உருவிவிட்டுப் புதிது வைத்தேன். கனம் ஒரு துளி அதிகமாகிவிட்டது போலிருக்கிறது. வயதாகிவிட்டது, கை முன்போல் இல்லை.

போன வாரம் அவன் வெள்ளைப் பந்தைத் தள்ளிவிட்டு, இருக்கிற கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் தள்ளினான்.

"மச்சான், மறுபடியும் இடது பக்கம் போகுது" என்றான். "இந்தக் கண்ணுக்கும் வந்துடுச்சு."

அதே கெய்ரோ டாக்டரிடம் ஞாயிற்றுக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறான். துணைக்கு என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறான். இந்த முறை கட்டாயம் சொல்லிவிடுவேன். அதற்குத்தான் உங்களிடம் முதலில் சொல்லிப் பார்த்தேன். பாருங்கள், நாக்கு ஒன்றும் ஒட்டிக்கொள்ளவில்லை, சுலபமாகத்தான் வருகிறது.

படியில் தட்டுகிற சத்தம் கேட்கிறதா? அவன்தான். ஒற்றைக் கண்ணில் படியின் விளிம்பு சரியாகத் தெரியாது, குடை நுனியால் தட்டித் தட்டி ஏறுவான். பதினெட்டுப் படி. தயவுசெய்து உங்கள் ரசமட்டத்தை எடுத்துப் பைக்குள் போட்டுவிடுங்கள். எனக்காகக் கேட்கவில்லை, விருந்தாளி முன்னால் அவன் மனம் நோகக்கூடாது. நீங்களும் ஒன்றும் சொல்ல வேண்டாம், அதை நான்தான் சொல்ல வேண்டும், அதுதான் முறை. இன்றைக்குப் புதன்தானே. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது.